சூழல் காவலரும் பொருளுதவியும்

(எமது சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில், இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகச் சமயமும் தமிழும் பேசப்படும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மின்சாரத்தையும் பணத்தையும் பற்றியது. இதற்கும் இந்து இளைஞர் சங்கம் ஒன்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைத்தல் கூடும். தொடர்பு உண்டு. எமக்கே நேர்ந்த சிறு சம்பவம் ஒன்றைக் கூறினால் அது தானாக விளங்கும்.

சென்ற வருடம் எம்முட் சிலர் வாவிக்கரையிற் கண்டற் கன்று நாட்டச் சென்றோம். எமது ஊரார் கண்ணா என்று சொல்லும் அதே மரந்தான். கன்றுகளையும், மதிய உணவையும், நாம் அணிந்திருந்த சட்டைகளையும் ஒரு நிறுவனம் தந்தது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாட்டி முடிந்தபின் எமது கையில் ஒரு பதாகையைத் தந்து படம் எடுத்தார்கள். வேறொரு மாவட்டத்தில் அமையவிருந்த மின்திட்டம் ஒன்றைக் கண்டித்து அதில் எழுதியிருந்தது. நாம் அதை வாசித்தோமா என்று கேட்டால், வாசிக்கவில்லை என்பதே உண்மை. வெயிலும் பசியும் ஒரு காரணம். கொடுத்தவரிடம் கேள்வி கேட்கக் கூசியது மற்றொரு காரணம்.

தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் எம்மைப் பார்த்து, "என்ன மனே, அதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினோம். சற்று யோசித்துவிட்டு, "இது நீங்க எழுதினதா? ஆர்ர காசில செஞ்சது?" என்றார். இரண்டு கேள்விக்கும் எம்மிடம் விடை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்திற் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் எமக்கு அன்று ஏற்பட்ட வெட்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

அதன்பின் நாம் அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பணம் எங்கிருந்து வந்தது என்று பணிவாகக் கேட்டோம். விபரம் அனுப்புவதாகப் பதில் வந்தது, விபரம் வரவில்லை. மறுபுறத்தில், பதாகையிற் கண்ட குற்றச்சாட்டுக்களை ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தோம். அவற்றுட் பாதி சரியாகவே இருந்தது! இங்கேதான் எமது மயக்கம் தொடங்கியது. பணத்தின் மூலத்தை மறைக்கும் ஒருவர் உண்மையும் பேசக்கூடும் என்றால், நாம் எதைக் கொண்டு தீர்மானிப்பது? இம்மயக்கத்தை நீக்க நாம் செய்த முயற்சியே இச்சொற்பொழிவு.

முதலில் குற்றச்சாட்டை அதன் முழுப் பலத்துடன் எடுத்துக்கொள்வோம். வறிய நாடுகள் மின்சாரம் ஆக்க முயலும்போது, செல்வந்த நாடுகளின் பணத்தைப் பெறும் சங்கங்கள், மரத்தையும் பறவையையும் காட்டித் தடுக்கின்றன என்பதே அக்குற்றச்சாட்டு. அயலிலுள்ள இந்தியாவில் இதனை அந்நாட்டுப் பிரதம மந்திரியே கூறினார். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மீனவர்கள் போராடிக்கொண்டிருந்த 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவிலும் ஸ்கந்திநேவிய நாடுகளிலும் இருந்து பணம் பெறும் தொண்டு நிறுவனங்கள் அப்போராட்டத்துக்குப் பின்னால் உள்ளன என்று கலாநிதி மன்மோகன் சிங் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகைக்குக் கூறினார். 2014 ஜூனில் இந்திய உளவுத்துறையின் அறிக்கையொன்று வெளியே கசிந்தது. இத்தகைய நிறுவனங்களின் எதிர்ப்பால் நாட்டின் பொருளாதார வளர்ச்சி வருடத்துக்கு 2 முதல் 3 வீதம் வரை குறைகிறது என்று அதிற் கூறப்பட்டிருந்தது. 2015இல் கிறீன்பீஸ் இந்தியா நிறுவனம் வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கான அனுமதி முதலில் இடைநிறுத்தப்பட்டு, பின்னர் இரத்தாயிற்று.

இவை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 1892இல் தோன்றிய சியரா கிளப் என்னும் புகழ்பெற்ற இயற்கைக் காப்புச் சங்கத்தின் கதையைக் கேளுங்கள். 2007க்கும் 2010க்கும் இடையில் அச்சங்கம் 25 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை இயற்கை வாயுத் தொழிலைச் சேர்ந்தோரிடமிருந்து பெற்றது. அதிற் பெரும்பங்கு செசபீக் எனர்ஜி என்ற கம்பெனியோடு தொடர்புடையோரின் பணம். சங்கம் அக்காலத்தில் நிலக்கரி மின்நிலையங்களுக்கு எதிராகப் பெரும் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தது. நிலக்கரி வீழ்ந்தால் விற்பனை பெருகுவது யாருக்கு? வாயுக் கம்பெனிக்கே! 2012இல் இது வெளியானபோது சங்கத்தின் சொந்த அங்கத்தவர்களே திகைத்துப் போயினர். வனவிலங்கு நிதியம் என்னும் உலகப் பெரும் ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியில் 1970களின் பிற்பகுதியில் அமர்ந்திருந்தவர், ஷெல் எண்ணெய்க் கம்பெனியை முன்னர் நடத்திய ஜோன் லௌடன். ஆகவே, சூழல் காவலரின் கையில் யாருடைய பணம் இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வியே.

ஆனால், அன்பர்களே, இக்கேள்வியைக் கேட்பவரின் கையையும் திருப்பிப் பார்க்கவேண்டும். கூடங்குளத்து அணு உலைகள் யாருடையவை? 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின் வழி, அந்நாட்டுக் கடனிலும் அந்நாட்டு நுட்பத்திலும் எழுந்தவை. வெளிநாட்டுப் பணத்தில் உலை கட்டலாம், வெளிநாட்டுப் பணத்தில் அதை எதிர்க்கலாகாது என்பது என்ன நீதி? மீனவர்களோ, தம் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த காசிலேயே போராட்டம் நடக்கிறது என்று மறுமொழி கூறினர். 2013 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அத்தோடு விடவில்லை. பாதுகாப்புக் குறித்து 15 கட்டளைகளையும் விதித்தது. மீனவரின் பயம் முழுவதும் வெளிநாட்டார் ஊட்டிய மயக்கமாக இருந்திருந்தால் அக்கட்டளைகளுக்கு என்ன தேவை?

இன்னுமொன்று. 2015 ஜனவரியில் கிறீன்பீஸ் இந்தியாவின் ஊழியரான பிரியா பிள்ளை என்பவர் இலண்டனுக்குப் புறப்பட்டபோது டெல்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். இங்கிலாந்திற் பதிவுபெற்ற கம்பெனி ஒன்று பங்குகொண்ட மகான் நிலக்கரிச் சுரங்கத் திட்டத்தால் காட்டுவாசிகள் படும் பாட்டை, இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் எடுத்துரைக்கச் சென்றவர் அவர். அதே வருடம் மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்த்தது. கம்பெனி கடல் தாண்டி வரலாம், அதைப் பற்றிய முறைப்பாடு கடல் தாண்டக்கூடாது என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கனடாவிலும் அல்பேர்ட்டா மாகாண அரசு, எண்ணெய்த் தொழிலுக்கு எதிரான வெளிநாட்டுப் பணத்தைத் துருவ 2019இல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. 2021இல் அதன் அறிக்கை வெளிவந்தது. வெளிநாட்டுப் பணம் வந்தது என்று அது கண்டது. எவரும் தவறு செய்ததாக அது சொல்லவில்லை.

இனி எமது மாகாணத்துக்கு வருவோம். சம்பூரின் கதை மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் மூதூர் கிழக்கு மக்கள் ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக நடந்து வந்து எமது மாவட்டத்து முகாம்களிலே தங்கியதை இச்சபையிலுள்ள பெரியோர் நேரிற் கண்டவர்கள். சோறு சமைத்துக் கொடுத்தவர்களும் உங்களுள் இருப்பீர்கள். அவர்களது நிலம் 2007 மே மாதத்தில் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. அந்நிலப்பகுதியில், இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சரிபாதிப் பங்காளிகளாகி, 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைக்க 2011 செப்டெம்பரில் ஒப்பந்தம் செய்தன.

இதனை எதிர்த்து 1981இல் தோன்றிய சுற்றாடல் மன்றம் என்னும் கொழும்புச் சட்ட ஸ்தாபனம் உச்ச நீதிமன்றம் சென்றது. சாம்பல், கரித்தூசி, கொட்டியாரக் குடாவிற் கலக்கும் சுடுநீர் என்பன பற்றிய முறைப்பாடு அது. ஊர் மக்களும் தெருவில் நின்றனர். 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமையாது என்று அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. கடலுக்கு வெற்றி. நாமும் மகிழ்ந்தோம்.

ஆயினும் ஒரு விடயத்தைக் கூர்ந்து நோக்குங்கள். சம்பூர் மக்களின் நிலத்தில் 818 ஏக்கர், ஒரு கைத்தொழில் வலயத்துக்கெனக் கொடுக்கப்பட்டிருந்தது. அது விடுவிக்கப்பட்டது 2015இலே. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் திரும்பியது 2016இலே. ஏறக்குறைய பத்து வருடம் அவர்கள் கூடாரத்திலும் உறவினர் வீட்டிலும் கிடந்தனர். கடலுக்கும் காற்றுக்கும் கிடைத்த ஆங்கிலம் அறிந்த நியாயவாதிகளும் பத்திரிகைத் தலையங்கங்களும், குடியிழந்த கமக்காரனுக்கு அவ்வளவு விரைவாகக் கிடைத்தனவா? சூழற் சங்கங்களின் மேல் பழிசுமத்த இதனைச் சொல்லவில்லை. பொருளுதவி எத்திசையிற் பாய்கிறதோ அத்திசையிலேயே குரலும் எழும் என்பதைக் காட்டவே சொல்கிறோம். பொய் சொல்லுமாறு எவரும் பணம் கொடுப்பதில்லை. எதைப் பற்றிப் பேசுவது, எதைப் பற்றி மௌனமாயிருப்பது என்பதைப் பணம் தீர்மானித்துவிடுகிறது. செல்வாக்கு என்பதன் உண்மையான வேலை அங்கேதான் நடைபெறுகிறது.

இன்று அதே சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் 120 மெகாவாற்று ஆக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரிலில் அடிக்கல் நாட்டினார்கள். பங்காளிகள் பழைய பங்காளிகளே. சூரிய ஒளிக்குப் புகையில்லை. ஆனால் நிலம் வேண்டும். அந்நிலம் யாருடையது என்ற கேள்வி புகையைப் போல மறைந்துவிடாது.

மன்னாரையும் பார்ப்போம். அங்கே ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியோடு மின்சார சபையே கட்டிய 103.5 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதன்பின் இந்தியாவின் அதானி கம்பெனி மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாற்று அமைக்க முன்வந்தது. கேள்விப்பத்திரம் இன்றி அதற்கு இடம் கொடுத்தது ஏன் என்ற வினா எழுந்தது. 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் நாடாளுமன்றத்தின் கோப் குழு முன்னிலையில், இந்தியப் பிரதமரின் வற்புறுத்தலால் இது நிகழ்ந்ததாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்று சாட்சியம் சொன்னார். பின்னர் அதனை வாபஸ் வாங்கிக்கொண்டு, பதவியையும் துறந்தார். 2024இல் அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என விலை பேசப்பட்டது. இது அதிகம் என்றார் பலர். வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், சுற்றாடல் மன்றமும், சுற்றாடல் நீதிக்கான மையமும் உச்ச நீதிமன்றம் சென்றன. வட ஆசியாவிலிருந்து பறந்துவரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார் என்பது அவற்றின் வாதங்களுள் ஒன்று. 2025 பெப்ரவரியில் அதானி கம்பெனி விலகிக்கொண்டது.

இதில் யார் யாருடைய கைப்பாவை? அதானியை எதிர்த்தவரெல்லாம் அந்நிய நாட்டுப் பணத்துக்கு ஆடியவர் என்று சிலர் சொன்னார்கள். ஆதரித்தவரெல்லாம் கம்பெனியின் பணத்துக்கு ஆடியவர் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் வேறொரு காற்றாலைத் திட்டம் தொடங்கியபோது மன்னார்த் தீவு மக்களே, மீனவரும் குருமாரும் தாய்மாருமாக வீதியில் இறங்கினர். வெள்ளம் வடிய வழியில்லை, கரைவலை இழுக்க இடமில்லை என்பதே அவர்கள் முறைப்பாடு. பறவையைப் பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து நியாயவாதி வந்தார். வெள்ளத்தைப் பற்றிப் பேச ஊர்தான் எழவேண்டியிருந்தது.

வேடிக்கையான சரித்திரக் குறிப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மேலே கூறிய வனசீவராசிகள் சங்கம் 1894இல் தோன்றியது. தோற்றுவித்தவர் வேட்டைப் பிரியரான வெள்ளைத் துரைமார். வேட்டையாட விலங்கு மிஞ்சவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. எனினும் யால, வில்பத்து முதலிய காடுகள் இன்று எஞ்சியிருப்பதற்கு அச்சங்கத்தின் உழைப்பும் காரணம். தொடக்கத்தின் சுயநலம் முடிவின் நன்மையை அழித்துவிடவில்லை.

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். மட்டக்களப்பில் 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய நாள்முதல், மெதடிஸ்த மத்திய கல்லூரியும், பின்னர் புனித மிக்கேல் கல்லூரியும் கடல்கடந்த மக்களின் காணிக்கைப் பணத்தால் வளர்ந்தவை. அப்பணத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. எமது முன்னோர் சிலர் அஞ்சினர், சிலர் எதிர்த்தனர். ஆனால் 1892இல் காரைதீவிற் பிறந்த ஒரு சிறுவன் அவ்விரு கல்லூரிகளிலும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்றான். அவனே பின்னாளில் விபுலாநந்த அடிகளாகி, 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அந்நியப் பணத்திற் படித்தவர் என்று அடிகளாரை எவரேனும் ஒதுக்குவார்களா? கொடுத்தவரின் நோக்கம் ஒன்று. பெற்றவரின் பயன் மற்றொன்று. பெற்றவருக்குச் சொந்த அறிவும் முதுகெலும்பும் இருந்தமையே காரணம்.

அப்படியாயின் பணத்தின் மூலத்தைக் கேட்கவே தேவையில்லையா? தேவையுண்டு. எமது கோயில் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு உபயகாரர் பலர். இன்ன குடியாருடைய உபயம், இன்ன நாள் என்று யாவருக்கும் தெரியும். உபயகாரரின் பெயர் ஒளிக்கப்படுவதில்லை. எனினும் பணம் கொடுத்தார் என்பதற்காக உபயகாரர் பூசை முறையை மாற்ற முடியாது. திருவிழா முடிந்தபின் வண்ணக்கர் சபையிற் கணக்கை வாசிக்கவேண்டும். பிழை கண்டால் எந்தக் கிழவனும் எழுந்து கேட்கலாம். பெயர் தெரிந்திருத்தல், முறை மாறாதிருத்தல், கணக்கு வாசித்தல் ஆகிய மூன்றும் இருந்தால், வெளிநாட்டிலுள்ள எமது பிள்ளைகள் அனுப்பும் பணத்தாற் கோயிலுக்கு இழுக்கு வருவதில்லை. சூழற் சங்கங்களிடமும், மின்கம்பெனிகளிடமும், ஏன், அரசாங்கத்திடமும் நாம் கேட்கவேண்டியது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேட்பதற்கு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கக் கந்தோர்களை மாத்திரம் கட்டுப்படுத்துவதன்று. அரசிடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச ஸ்தாபனத்திடமிருந்தோ பெருமளவில் நிதிபெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும், அச்சேவை பற்றிய அளவில், அதற்குள் அடங்கும். இதனை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாம் அந்நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் இச்சட்டத்தைக் குறிப்பிடவில்லை. எமக்கு அப்போது தெரியாது.

மறுபக்கத்தில், 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறுவதைப் பாருங்கள். பெரிய திட்டம் ஒன்று வருமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆக்கப்பட்டு, 30 நாட்களுக்கு மக்களின் அபிப்பிராயத்துக்கு வைக்கப்படவேண்டும். அவ்வறிக்கையை எழுதும் நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவரே! எதிர்ப்பவரின் பணத்தைப் பற்றி வாய்கிழியப் பேசுவோர் இதனைப் பற்றிப் பேசுவது அரிது. அந்த 30 நாளில் எமது மீனவ சங்கத்துக்கு அவ்வறிக்கையை வாசித்து, கடல் வழக்குச் சொல்லில் விளக்கிச் சொல்பவர் யார்? சம்பளம் வாங்கும் எந்தத் தரப்பும் அதைச் செய்யாது. அது எம்போன்ற மாணவர் செய்யவேண்டிய வேலை.

ஆகவே, எந்தப் பதாகையையும் கையில் எடுக்குமுன் நாம் நான்கு கேள்விகளைக் கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

முதலாவது: இதற்குப் பணம் தந்தவர் யார், அவர் பெயர் வெளிப்படையாக உண்டா?

இரண்டாவது: இத்திட்டம் நின்றாலும் நடந்தாலும் இலாபம் அடைபவர் யார்? 1980களில் திருகோணமலைக்கென எண்ணப்பட்ட நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பல இழுபறிகளின் பின் நுரைச்சோலையில் முதல் 300 மெகாவாற்று 2011இலே வந்தது. இடைப்பட்ட காலத்தில் உயர்ந்த விலையில் டீசல் மின்சாரம் விற்றவர்கள் உண்டு. தாமதத்தால் வாழ்ந்தவர்களும் அவர்களே என்று ஊர் பேசியது. சுத்தமான காரணத்துக்காகச் செய்யும் எதிர்ப்பும் அசுத்தமான பையை நிரப்பக்கூடும்.

மூன்றாவது: சொல்லப்படும் காரணம் உண்மையா? இதனைப் பணத்தைக் கொண்டு அளக்கமுடியாது. நீரையும் மண்ணையும் கணக்கையும் கொண்டே அளக்கவேண்டும். பேசுபவரின் வாயைப் பார்க்காது பேசப்பட்ட பொருளின் மெய்ம்மையைப் பார்ப்பதே அறிவு என்று வள்ளுவர் எமக்குச் சொல்லியிருக்கிறார்.

நான்காவது: அவ்விடத்திற் குடியிருப்போர் என்ன சொல்கிறார்கள்? அவர்களைக் கேட்டார்களா?

இந்நான்கையும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், இரண்டு இழப்புகளின் நடுவில் நாம் நிற்கிறோம். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எமக்கு வாயில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி இந்நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, குப்பி விளக்கிற் புத்தகம் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ஐஸ்பெட்டியில் வைத்த மருந்து கெடுமோ என்று தாய்மார் அழுதனர். மீனுக்கு ஐஸ் இல்லாமல் விடியற்காலையில் அள்ளிய மீனை உச்சிக்குள் விற்றுத் தீர்க்கவேண்டியிருந்தது. அந்த இருட்டை அனுபவித்த எவரும், பறவைக்காக நாடு இருண்டு கிடக்கட்டும் என்று சொல்லத் துணியார்.

வாவி வேண்டாம் என்று சொல்லவும் எமக்கு வாயில்லை. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பே எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்தும் சேர்த்தும் வைத்திருக்கிறது. முகத்துவாரம் அடைபட்டால் வயல் அழுகும். கண்ணாக்காடு அழிந்தால் இறால் குஞ்சு தங்க இடமில்லை. நாளை எவரேனும் வாவியின் மேலோ கரையிலோ மின்திட்டம் ஒன்றைக் கொண்டுவரலாம். அன்று எதிர்க்கப் பணத்தோடு ஒருவர் வருவார். ஆதரிக்கப் பணத்தோடு ஒருவர் வருவார். இருவரும் முதலில் தேடுவது சட்டையும் பதாகையும் ஏந்த முன்வரும் இளைஞர் கூட்டத்தைத்தான். அதாவது எம்மை!

ஆகவே இச்சபையின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது எம்மைப் பற்றியது. எமது சங்கத்துக்கும் இலண்டனிலும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் உறவினர் பணம் அனுப்புகிறார்கள். இவ்வாண்டுமுதல் கொடுத்தவர் பெயர், தொகை, செலவு மூன்றையும் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிடவேண்டும். பிறரைக் கணக்குக் கேட்கும் தகுதி அப்போதுதான் எமக்கு வரும். இரண்டாவது, சுற்றாடல் அறிக்கை ஒன்று எமது மாவட்டத்துக்கென வெளிவருமானால், அதன் சாரத்தை எளிய தமிழில் எழுதி, வாவிக்கரை ஊர்களிற் படித்துக் காட்டும் மாணவர் குழு ஒன்றைச் சங்கம் அமைக்கவேண்டும். இதற்கு எவருடைய பணமும் தேவையில்லை. சைக்கிளும் சில மாலை நேரங்களும் போதும்.

நாம் நாட்டிய கன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுட் பெரும்பாலானவை பட்டுப்போயின. தண்ணீர் ஏறி இறங்கும் அளவை அறியாது நாட்டினோம். பதாகையைப் பற்றிக் கேட்ட அதே பெரியவரிடம் மீண்டும் சென்றோம். எந்த இடத்தில், எந்த மாதத்தில் நாட்டவேண்டும் என்று அவர் காட்டித் தந்தார். வருகிற மாரி முடிந்ததும், கரையில் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நாமே மீண்டும் நாட்டப் போகிறோம். வர விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.